பாத்துக்கோ

பிப்ரவரி 3

இல்லை, தண்ணீரில் இறங்குவது மெத்தென்று இருக்காது. வேகத்தோடு போய் மோதினால் தண்ணீரும் தார்ச்சாலையும் ஒன்றுதான். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. "ஆமாம்மா, பஞ்சு மாதிரி" என்றேன். நாமக்கல்லிலிருந்து பார்த்தால் மாலத்தீவு என்பது ஒரு தொட்டி நீலம். அந்தத் தொட்டிக்குள் மகள் பத்திரமாக இருக்கிறாள்.

காலையில் மிதவைகளிலிருந்து தண்ணீர் இறைத்தேன். எங்கள் விமானத்துக்குச் சக்கரம் இல்லை. இரண்டு நீண்ட மிதவைகள்தான். இரவெல்லாம் அவற்றுக்குள் கடல் கசிகிறது. ஒவ்வொரு மூடியாகத் திறந்து கைப்பம்பை விட்டு உறிஞ்ச வேண்டும். துணை விமானியான என் வேலை இல்லை இது. நஸீமின் வேலை. அவன் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான், எனக்குக் கை சும்மா இருந்தது.

நஸீம் இந்த நாட்டுக்காரன். எங்கள் மூவரில் மூன்றாவது ஆள். பயணிகளை ஏற்றுவது, கதவைச் சாத்துவது, இறங்கியதும் மிதவையில் குதித்துக் கயிற்றைத் தூணில் கட்டுவது. அவன் தீவின் கால்பந்துக் குழுவுக்குக் கோல்கீப்பர். கயிற்றையும் பந்தைப் போலவே பிடிக்கிறான்.

பிப்ரவரி 11

காற்று விழுந்துவிட்டது. கண்ணாடித் தண்ணீர்.

அலை இருக்கும் நாளில் எனக்குப் பயமில்லை. கடல் எங்கே இருக்கிறது என்று அலை சொல்லிவிடும். காற்று நின்ற நாளில் கடல் வானத்தைக் காட்டிவிட்டுத் தான் ஒளிந்துகொள்கிறது. கீழே இருப்பது பத்தடியா நூறடியா, கண்ணுக்குத் தெரியாது. தெரிகிறது என்று கண் பொய் சொல்லும். நம்பியவர்கள் இல்லாத உயரத்தில் இறங்கியிருக்கிறார்கள், இருக்கும் தண்ணீருக்குள் பறந்திருக்கிறார்கள்.

அதற்கு ஒரு முறை உண்டு. கரையை ஒட்டி வர வேண்டும். பவளப்பாறை விளிம்பைத் தாண்டும்போது மூக்கைச் சற்று உயர்த்திப் பிடித்து, எஞ்சினுக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்து, அப்படியே வைத்திருக்க வேண்டும். தண்ணீரைத் தேடக் கூடாது. அது தானாக வந்து தொடும்வரை பொறுக்க வேண்டும். கேட்க எளிது. கை சொன்னபடி கேட்காது.

கேப்டன் மச்சாது பாறை விளிம்பில் "பாத்துக்கோ" என்றார். நான் இறக்கினேன்.

இதற்கென்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. விமானத்தைக் கொடுப்பவர் அதைச் சொல்ல வேண்டும், வாங்குபவர் திருப்பிச் சொல்ல வேண்டும். யார் கையில் விமானம் என்பதில் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக. நாங்கள் அதைச் சொல்வதில்லை. எங்களுக்குத் தமிழ் இருக்கிறது.

போன வருடம் சேர்ந்த புதிதில் அவர் முதல்முறை "பாத்துக்கோ" என்றபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்து கவனமாகப் பார்த்தேன். பாறைகளை, படகுகளை.

"ஏட்டி, பாத்துக்கோன்னா பாத்துக்கிட்டு இருக்கவா சொன்னேன்? பிடிட்டீ!"

பிடித்தேன். இறங்கிய பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "கொங்கு நாட்டுல பாத்துக்கோன்னா வேடிக்க பாக்குறதா?"

"ஏனுங்க சார், சொல்ற மாதிரி சொன்னா நாங்களும் புடிப்பமுங்க."

"ஏனுங்க! ஏனுங்க! மூக்கு தண்ணியில குத்தும்போதும் ஏனுங்கன்னுதான் சொல்லுவ நீ."

அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு எங்கள் விமானத்தில் ஒரே அர்த்தம்.

பிப்ரவரி 20

கேப்டன் தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். மேசையைத் திட்டினார். போனை என்னிடம் நீட்டினார். "என்ன போட்டிருக்கான் வாசி. எழுத்த எறும்பு எறும்பால்லா போட்டிருக்கானுவ."

பெரிய எழுத்துதான். வாசித்தேன்.

அவருடைய வயதில் அப்பாவும் பேப்பரைத் தள்ளிப் பிடித்துத்தான் படிப்பார். ஆனால் அப்பா லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார்.

பிப்ரவரி 27

வெள்ளைச் சட்டைகளில் உப்பு பூத்துவிட்டது. மூன்று தண்ணீர் அலசினேன்.

மார்ச் 4

முன்பு கண்ணாடி நாட்களில் மட்டும். இப்போது வெயில் சாய்ந்தாலும் "பாத்துக்கோ." மேகம் வந்தாலும். எங்கள் விமானத்தில் எஞ்சின் லீவர்கள் தலைக்கு மேலே இருக்கின்றன. என்னிடம் கொடுத்த பிறகும் அவர் ஒரு கையை அவற்றின்மேல் தூக்கி வைத்துக்கொள்வார். பின்னாலிருந்து பார்க்கும் பயணிக்கு அவர்தான் இறக்குகிறார். பதிவிலும் அவர்தான்.

நஸீமுக்கு மட்டும் தெரியும். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்தச் சொல் தெரியும். படகுத்துறையில் என்னைப் பார்த்தால் வணக்கத்துக்குப் பதில் "பாத்துக்கோ!" என்று கத்துவான், 'த்து'வை அழுத்தி. "கேப்டன் இறக்கினால் இடுப்பு ஒடியும். நீ இறக்கினால் கோப்பையில் தேநீர் ஆடாது" என்றான்.

பெருமையாக இருந்தது. எழுதி வைக்கிறேன்.

மார்ச் 9

"ஏப்ரல்ல இடது சீட்டு ஒண்ணு காலியாவுது" என்றார் கேப்டன். இடது இருக்கை கேப்டனுடையது. "ஒன் பேரத்தான் குடுப்பேன். வேற எவளுக்கு இங்க கண்ணாடித் தண்ணி தெரியும்?"

"தேங்க்ஸ் சார்."

"தேங்க்ஸ்லாம் வேண்டாம். வாயத் தொறக்காம இரு. அது போதும்."

எதைப் பற்றி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மொழியியல் எம்.ஏ. முடித்துவிட்டுப் பைலட் பயிற்சிக்குப் போனபோது "அத்தனை படிச்சது எதுக்கு" என்றார் அம்மா. இதற்குத்தான். சொல்லாமல் விட்டதைப் புரிந்துகொள்வதற்கு.

மார்ச் 28

டென்சிலின் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

டென்சில் தூத்துக்குடிப் பையன். எனக்குப் பின்னால் சேர்ந்தவன். அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டுக் கேப்டனைத் தேடிப் போனேன். படகுத்துறையில் மீன் பொரியல் தின்றுகொண்டிருந்தார்.

"சார், ஏப்ரல் சீட்டு..."

"அவனுக்குக் கல்யாணம் வருதுல்லா. கேப்டன்னு சொன்னாத்தான் பொண்ணு வீட்டுல மதிப்பான். அவங்க அப்பாவும் நானும் ஒரே தெரு."

"என் பேரைக் குடுக்கறேன்னு சொன்னீங்க."

"குடுப்பேன். ஓடியா போவுது? நீ பொம்பளப் பிள்ள, இன்னும் ஒரு சீசன் பொறுத்தா என்ன கொறஞ்சிரப் போவுது?" பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, "நீ போயிட்டா எம் பக்கத்துல யாரு உக்காருவா?"

ஆக, காரணம் அதுதான். அவர் கண்ணாக நான் இருப்பதால் எனக்குக் கேப்டன் இருக்கை கிடையாது. நன்றாக இறக்கியதற்குக் கிடைத்த தண்டனை.

"சரிங்க சார்" என்றேன். நான் அப்படித்தான் சொல்வேன்.

மார்ச் 29

கைநகம் ஒன்று உடைந்தது. வேறொன்றும் இல்லை.

மார்ச் 30

காற்று இல்லை.

ஏப்ரல் 2

தலைநகர் மருத்துவமனை. இடது மணிக்கட்டில் கட்டு. வலது கை எழுதுகிறது.

பயணிகள் இல்லை. ஒரு தீவில் எல்லோரையும் இறக்கிவிட்டு வெறும் விமானமாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். முப்பதாம் தேதி பிற்பகல். கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடு இல்லை. காலையிலிருந்து நாங்கள் இருவரும் வேலைப் பேச்சைத் தவிர எதுவும் பேசவில்லை.

பாறை விளிம்பு வந்தது.

"பாத்துக்கோ" என்றார்.

என் கைகள் மடியில் இருந்தன. உடைந்த நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் மிக மெதுவாக, யாரோ தூக்கத்தில் தலை சாய்வதுபோல, மூக்கைத் தாழ்த்தியது. அழகாகக்கூட இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு மிதவைகளின் நுனி தண்ணீரில் குத்தியது, உலகம் என் தலைக்கு மேலே வந்தது.

பச்சைத் தண்ணீர். பெல்ட். கதவு. பயிற்சியில் சொன்னதையெல்லாம் கை தானாகச் செய்தது. எவ்வளவு நல்ல கைகள்.

கேப்டனும் வெளியே வந்துவிட்டார். நஸீமை ஒரு படகுக்காரர் இழுத்தெடுத்தார். விமானம் தண்ணீரைத் தொட்டபோது அவன் இருக்கையில் இல்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கயிற்றோடு கதவருகே நின்றிருக்கிறான்.

ஏப்ரல் 3

முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்கிறார்கள். இல்லை என்றால் இப்போதைக்கு இல்லை என்றா, இனி இல்லை என்றா? மருத்துவர் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார். நான்தான் இரண்டு அர்த்தம் தேடினேன்.

ஏப்ரல் 5

அம்மா. "உம்மேல ஒண்ணும் தப்பில்லைல்ல கண்ணு?"

"இல்லம்மா."

"எனக்குத் தெரியுஞ் சாமி. நீ சின்னதுலயே டம்ளர் தண்ணி சிந்தாம கொண்டாருவே."

ஏப்ரல் 9

கேப்டன் என்னைப் பார்க்க வந்தார். மருத்துவமனைக்கு எதிரே தேநீர்க் கடை. நெற்றியில் தையல். அந்தத் தையலோடு பார்த்தால் வயதானவராகத் தெரிந்தார். கோப்பையை நானே அவர் கையில் வைத்தேன்.

"ரெக்கார்டர எடுத்துட்டான். நாம பேசுனதெல்லாம் அதுல இருக்கு" என்றார். "விசாரணையில என்னட்டி சொல்லப் போற?"

"நீங்க என்ன சொல்லப் போறீங்க சார்?"

"கவனமா இருன்னு சொன்னேம்பேன். வேற என்னத்தச் சொல்ல? கையில குடுத்தேன்னா, ஏன் குடுத்தம்பான். எத்தன நாளா குடுத்தம்பான். கண்ணத் தொறந்து காட்டும்பான். அதோட போச்சு. செயில்ல போட்டாலும் போடுவான்."

"அப்ப நீங்கதான் ஓட்டுனதா ஆயிரும்."

"ஆவட்டும். கண்ணாடித் தண்ணி, கெழவன் ஏமாந்துட்டான். நம்புவானுவ. எத்தன பேரு ஏமாந்துருக்கான்." தேநீரைக் குடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தார். "ஒனக்கும் நல்லதுதான்."

ஆமாம். எனக்கும் நல்லதுதான்.

எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"வாணி. நான் சொன்னது ஒனக்குக் கேட்டுச்சுல்லா?"

"எஞ்சின் சத்தம் சார்."

"ஆமா" என்றார். "சத்தம் இருந்துச்சு."

நாங்கள் போட்டிருந்தது ஹெட்செட். அதில் பக்கத்தில் இருப்பவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும். இது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

ஏப்ரல் 22

விசாரணை. குளிரூட்டிய அறை. தண்ணீர் பாட்டில்கள். ஒலிப்பதிவைப் போட்டார்கள். சொல் ஒன்று, பிறகு எதுவும் இல்லை, பிறகு எல்லாம்.

அந்தச் சொல்லை மொழிபெயர்க்க இங்கே பள்ளியில் கணக்கு நடத்தும் மார்த்தாண்டத்துக்காரர் ஒருவரை அழைத்திருந்தார்கள். ஜெபசிங் சார். டை கட்டி வந்திருந்தார். பாவம், ஒரு வரியில் முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார்.

விசாரணை அதிகாரி: "இந்த வார்த்தைக்கு என்ன பொருள்?"

"அது இடத்தப் பொறுத்தது சார்." ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஆனால் தமிழில் சொன்னது போலவே கையை ஆட்டினார். பள்ளம் இருக்கு, பாத்துக்கோ என்றால் எச்சரிக்கை. குழந்தையை விட்டுட்டுப் போறேன், பாத்துக்கோ என்றால் பொறுப்பு. இனி உனக்கும் எனக்கும் பேச்சில்ல, பாத்துக்கோ என்றால் மிரட்டல். "எங்க ஊர்ப் பக்கம் அர்த்தமே இல்லாமலும் சொல்லுவோம். நேத்து பெஞ்ச மழை இருக்கே, அப்படி ஒரு மழை பாத்துக்கோ."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இந்த இடத்தில் எது?"

"அது இவங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும் சார்."

முதலில் கேப்டன். "எச்சரிக்கை. கவனமாக இரு என்றேன்."

பிறகு நான். பல்கலைக்கழகத்தில், சொல்லுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது, இரண்டு பேர் அதைப் பழகியிருக்கும் விதமே அதன் அர்த்தம் என்று எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவள். நாற்காலியில் நேராக உட்கார்ந்தேன்.

"எச்சரிக்கை" என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். ஜெபசிங் சார் நிம்மதியாகத் தலையாட்டினார். வெளியே வரும்போது என்னிடம் "கரெக்ட்டா சொன்னீங்க மேடம், எனக்கும் அதுதான் தோணிச்சு" என்றார்.

மே 5

நஸீமைப் பார்க்கப் போனேன். ஒரு மாதம் போகாமல் இருந்துவிட்டேன். கை சரியாகட்டும் என்று இருந்தேன்.

மெலிந்திருந்தான். தோள்கள் மட்டும் அப்படியே இருந்தன. படுக்கைக்கு மேலே ஒரு பிடி தொங்கியது, அதைப் பிடித்துத் தன்னைத் தூக்கி உட்கார்ந்தான். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

"என்னிடமும் கேட்டார்கள்" என்றான். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். "தண்ணீரைத் தொடும் முன் ஏன் எழுந்தாய் என்று. கவனக்குறைவு என்றேன்."

"கவனக்குறைவு இல்லையே."

"பிறகு என்ன?"

நான் ஆரஞ்சின் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"கேப்டன் சொல்லும் அந்த வார்த்தை" என்றான். "அதற்கு என்ன அர்த்தம்?"

"கவனமாக இரு."

அவன் சிரித்தான். கேலி இல்லை. உண்மையாகவே சிரித்தான், தொங்கும் பிடி ஆடியது. "அப்படியானால் தப்பு என்னுடையதுதான். இத்தனை நாளும் நான் அதை, வாணி இறக்குகிறாள், இனி எழுந்து நிற்கலாம் என்று நினைத்திருந்தேன்."

அவன் தங்கை உள்ளே வந்தாள். நலம் விசாரித்தாள். என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து, வலி போய்விட்டதா என்று கேட்டாள்.

போய்விட்டது.

மே 6

சட்டைகள். படுக்கை விரிப்பு. தலையணை உறைகள். திரைச்சீலையும் துவைத்தேன்.

மே 17

அறிக்கை வந்தது. கண்ணாடித் தண்ணீரில் உயரத்தைக் கேப்டன் தவறாகக் கணித்தார். துணை விமானியிடம் குறை இல்லை. ஊழியர் இருக்கையில் அமராததே அவருடைய காயத்துக்குக் காரணம்.

ஒவ்வொரு வாக்கியமும் இலக்கணச் சுத்தம்.

மே 20

கேப்டன் ஊருக்குப் போகிறார். விமான நிலையத்தில் வழியனுப்ப நான் மட்டும்தான். டென்சிலுக்கு வேலை இருந்ததாம். புறப்பாட்டுப் பலகைக்குக் கீழே நின்று "எந்த கேட்டு போட்டிருக்கான்?" என்றார். சொன்னேன்.

"எஞ்சீட்டு ஒனக்குத்தான் வரும்" என்றார். "நான் பேரு குடுக்காமலே வருது பாரு."

"சார்..."

"கோவமா இருந்த. எனக்குத் தெரியும். நானா இருந்தாலும் கோவப்பட்டுருப்பேன்." என் தலையில் கைவைக்க வந்தார், தோளில் பட்டது. "ஆனா ஒரு நிமிசம் பொறுத்துக் கோவப்பட்டுருக்கலாம்லாட்டி."

வரிசை நகர்ந்தது. பெட்டியை உருட்டிக்கொண்டு போனார். முன்னால் போனவரின் முதுகையே பார்த்தபடி போனார்.

எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெளிவாக விளங்கவில்லை.

ஜூன் 2

மேலாளர் அழைத்தார். கவிழ்ந்த விமானத்திலிருந்து பதறாமல் வெளியே வந்ததைப் பாராட்டினார். இப்படிப்பட்ட நிதானம்தான் கேப்டனுக்கு வேண்டும் என்றார். இடது இருக்கை.

"விசாரணை ஃபைலை மூடப் போகிறோம். நீங்கள் ஏதாவது சேர்க்க வேண்டுமா?"

அறையில் குளிரூட்டியின் சத்தம். ஜன்னலுக்கு வெளியே நஸீமின் இடத்துக்கு வந்த புதியவர் மிதவை மூடிகளைத் திறந்துகொண்டிருந்தார். மேலாளர் அவசரப்படுத்தவில்லை. நல்ல மனிதர். நான் வாயைத் திறந்திருந்தால் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்திருப்பார்.

நஸீம்மேல் விழுந்த கவனக்குறைவு என்ற சொல் போய், அவனுக்குரிய மரியாதை கிடைத்திருக்கும். எனக்கு இந்த இருக்கை போயிருக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு நிதானம் இருந்தது என்னிடம்.

"இல்லை சார்" என்றேன்.

ஜூன் 3

அம்மாவிடம் சொன்னேன். மோகனூர் ரோட்டில் இருக்கும் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். பொங்கல் வைக்கிறாராம். "அந்தப் பையன் நடக்கறானா கண்ணு?" என்று கடைசியில் கேட்டார்.

"நடப்பான்மா."

ஜூன் 11

தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டது. கடல் முழுக்க அலை. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று ஒரு குழந்தைக்கும் தெரியும்.

கேப்டனாக முதல் நாள். துணை விமானி ஒரு டேராடூன் பெண். வரவேற்பு வாக்கியம் ஒன்றைத் தயாரித்து வந்திருந்தாள், பாதியில் மறந்துவிட்டாள். நாங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே பேசுவோம். எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம் இருக்கும். அவளுக்குச் சொன்னேன்: நான் கொடுத்தால் விதியில் உள்ளபடி முழு வாக்கியமும் சொல்வேன், நீயும் முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். தலையாட்டினாள். என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள் போலும், கண்ணில் மரியாதை.

மாற்று விமானம் இது. கடைசியாக ஓட்டியவர் உயரமான ஆள். பெடல் எட்டவில்லை. இருக்கையை முன்னால் இழுத்துப் பூட்டி, பெல்ட்டைப் போட்டு, முதல் எஞ்சினைக் கிளப்பினேன்.